அவர் போட்ட டீயை அவர் எடுக்கமாட்டார்

மாமாவுக்குப் பட்டாளத்தில் என்ன வேலை என்று, அவர் இறந்த பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கொன்றாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இதென்ன கேள்வி? பாராசூட் கட்டிக்கிட்டு விமானத்துல இருந்து குதிக்கிறவர்," என்றாள் என் மனைவி. அவருக்கு ஒரே மகள்.

"சலவைப் பிரிவுன்னுல்ல நான் நினைச்சேன்," என்றார் அத்தை. அவரோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். மாமா சமையல்கூடத்தில் இருந்திருப்பார் என்பது என் கணிப்பு. அவர் போடும் டீ அப்படி இருக்கும்.

பேச்சு வரக் காரணம், முன்னாள் வீரர்கள் சங்கம். இறந்துபோன உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சங்கத்துக் கூடத்துச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு வைப்பார்கள். மேலே பெயர், கீழே அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரே ஒரு வரி. பழைய பதிவேடுகள் எல்லாம் ஒரு பெருமழையில் ஊறிக் கூழாகிவிட்டன என்றும், வீட்டில் சொல்வதைத்தான் போடுவோம் என்றும் செயலாளர் சொன்னார். "நீங்களே வெட்டிக் கொண்டு வந்துடுங்களேன். உங்க தொழில்தானே. ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம்."

பெயர்ப்பலகை வெட்டுவது என் தொழில். எனக்குப் பொய் ஆகாது என்றெல்லாம் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லமாட்டேன். என் கையால் வெட்டிய பொய்கள் இந்த ஊரில் பல வாசல்களில் பளபளவென்று தொங்குகின்றன. பரீட்சையில் தேறுவதற்கு முன்பே 'வழக்கறிஞர்' என்று போட்டுக்கொண்டவர் இருக்கிறார். 'அன்பு இல்லம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, கூலியைக் குறைக்கச் சொல்லி என் கடை வாசலிலேயே பெண்டாட்டியோடு சேர்ந்து சண்டை போட்டவரும் இருக்கிறார். அதெல்லாம் ஊரான் வீட்டு வாசல். வெட்டிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன். இது மாமா. பித்தளையில் வெட்டியது வெட்டியதுதான், ரப்பர் வைத்து அழிக்க முடியாது.

பெயரை மட்டும் வெட்டி, கருப்புப் பெயிண்ட் நிரப்பித் துடைத்து வைத்தேன். கீழே இடம் காலியாக இருந்தது.

"'பாராசூட்டில் குதித்தவர்'னு போடுங்க," என்றாள் மனைவி.

"போடலாம். ஆனா..." என்று இழுத்தேன்.

"என்ன ஆனா?"

"உங்க அப்பா ஸ்டூல் மேல ஏறி நான் பார்த்ததே இல்லையே."

அதுதான் உண்மை. பல்பு போய்விட்டால் அத்தைதான் ஸ்டூலில் ஏறுவார். மாமா கீழே நின்று ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொள்வார். நான் மருமகனாக வந்த பிறகு அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனாலும் கைப்பிடிச் சுவர் பக்கமே போகமாட்டார். இந்த மனுஷன் விமானத்திலிருந்து குதித்தார் என்றால் நான் எப்படி நம்புவது?

மனைவி அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

சிறு வயதில் ஒரு நாள் அப்பாவின் பழைய தொப்பியில் பாராசூட் படம் போட்ட துணிச்சின்னத்தைப் பார்த்திருக்கிறாள். "நீ குதிச்சியாப்பா?" என்று கேட்டாளாம். அவர் "ம்" என்றாராம். அவ்வளவுதான். அந்த ஒற்றை 'ம்'மை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமை அடித்திருக்கிறாள். ஒருமுறை பெற்றோர்களை எல்லாம் வகுப்புக்கு வரவழைத்து, அவரவர் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இவரும் போனார். டீச்சர் ஆவலாக, "நீங்க பாராசூட்ல குதிப்பீங்களாமே?" என்று கேட்க, இவர் எழுந்து நின்று, "இல்லைங்க, நான் மடிக்கிறவன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட 'புளுகுமூட்டை' என்ற பட்டம் பள்ளிக்கூடம் முடியும்வரை அவளை விடவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதுங்க," என்றாள். "அப்பா என்கிட்ட சொன்னது பொய்யா, அங்க சொன்னது பொய்யா?"

அவள் அதைக் கேட்ட விதத்தில், பித்தளை கிடக்கட்டும், இவளுக்குப் பதில் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"உங்கிட்டயாவது 'ம்'னார்," என்றார் அத்தை. "கல்யாணம் ஆன புதுசுல என்ன வேலைன்னு கேட்டேன். துணி மடிக்கிற வேலைன்னார். சரி, சலவைன்னு நினைச்சுக்கிட்டேன். அதுக்கென்ன, நல்ல வேலைதானே. அவர் போர்வை மடிக்கிற அழகைப் பார்த்தா யாருமே அப்படித்தான் நினைப்பாங்க."

அந்தப் போர்வைகளை இப்போதும் அலமாரியில் போய்ப் பார்க்கலாம். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும், எங்கும் சிக்காமல் வழிந்து விரியும். வீட்டில் எல்லோருடைய குடைகளையும் அவர்தான் மடித்து வைப்பார். வேறு யாராவது மடித்தால் மறுபடி பிரித்து மடிப்பார். மகளுடைய பள்ளிக்கூடப் பையை, பிறகு கல்லூரிப் பையை, கல்யாணமாகி என்னோடு வெளியூர் புறப்படும்போதெல்லாம் எங்கள் பெட்டியை, எல்லாவற்றையும் ஒருமுறை கொட்டித் திரும்ப அடுக்கியவர். பெட்டியின் வாரை இழுத்துப் பார்த்துவிட்டு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். முதல் தடவை நான் பயந்தே போனேன்.

ஆனால் அவரிடம் என்னை ரொம்பக் குடைந்த விஷயம் வேறு. அதுதான் டீ.

சாயங்கால டீ எப்போதும் அவர் கைதான். தட்டில் கப்புகளை வைத்துக் கொண்டு வந்து மேஜையில் வைப்பார். வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது ஒரு கப்பை எடுத்து அவர் கையில் கொடுக்கும்வரை தொடமாட்டார். நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போன அன்று இது தெரியாமல் என் டீயை மடமடவென்று குடித்துவிட்டேன். மனிதர் நின்றுகொண்டே இருக்கிறார். என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்து நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். "அப்பாவுக்கு எடுத்துக் குடுங்க, ஆறிடும்," என்று இவள் வந்து காதைக் கடித்த பிறகுதான் உயிர் வந்தது.

"வேற என்ன, கெத்துதான்," என்பார் அத்தை. "ஆம்பளைக்கு யாராவது கையில எடுத்துக் குடுக்கணும்."

அது அல்ல. நான் கவனித்திருக்கிறேன். அத்தை போடும் டீயை அவரே எடுத்துக்கொள்வார். நான் போட்ட கழுநீரைக்கூட முகம் சுளிக்காமல் தானே எடுத்துக் குடிப்பார். அவர் போட்ட டீயை மட்டும்தான் எடுக்கமாட்டார். ஒருமுறை கேட்டேவிட்டேன். "ஏன் மாமா?" "பழக்கம் மாப்பிள்ளை," என்றார். கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

வேலையைப் பற்றி யாரைக் கேட்பது என்று யோசித்தபோது அத்தைக்குத்தான் எதிர்மேஜையின் ஞாபகம் வந்தது. அடிக்கடி மாமாவுக்கு ஒரு போன் வரும். "யாருங்க?" என்றால் "எதிர்மேஜை" என்பார். பேச்சு முழுக்க இந்தப் பக்கம் சிரிப்பாகவே இருக்கும். மாமா வாய்விட்டுச் சிரித்தது அந்தப் போனில் மட்டும்தான். ஏதோ ஆபீஸில் எதிர்ச் சீட்டில் இருந்தவர் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். இழவுக்கும் வந்திருந்தார். ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தளம். திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாராம். கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு மேஜை கிடந்தது. அவ்வளவு நீளமான மேஜையை நான் கல்யாண மண்டபத்தில்கூடப் பார்த்ததில்லை. சுவரோரமாக ஒருக்களித்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மேஜையின் ஒரு பக்கம் துணியும் கத்தரிக்கோலும். மறுபக்கம் ஒன்றுமில்லாமல் துடைத்து வைத்திருந்தது.

"உட்காருங்க, டீ போடறேன்," என்று உள்ளே போனவர், தட்டில் மூன்று கப்போடு வந்தார். மேஜையில் வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் வழக்கம்போல ஒன்றை எடுத்துவிட்டேன். மனைவி கையை நீட்டியவள், பாதியில் நிறுத்திவிட்டாள். அவரையே பார்த்தாள்.

"நீங்க எடுத்துக்கலையா சார்?"

"நீ எடுத்துக் குடும்மா."

"ஏன் சார்?"

"நான் போட்டதாச்சே," என்றார், இது தெரியாதா என்பதுபோல.

இவள் குரலே மாறிவிட்டது. "எங்க அப்பாவும் இப்படித்தான் நிப்பாரு. ஏன்னு சொன்னதே இல்ல. சொல்லுங்க சார், தயவுசெஞ்சு."

"அவன் சொல்லமாட்டான். அவன் வாயைத் திறக்கறதே அதிசயம்." அவர் அந்தக் காலி பக்கத்தைக் கையால் தட்டினார். "இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் உங்க அப்பா. நடுவுல இதைவிடப் பெரிய மேஜை. குதிச்சுட்டு வந்த பாராசூட்டை விரிச்சுப் போட்டு, கிழிசல் இருக்கான்னு பார்த்து, கயிறு சிக்கு எடுத்து, மடிச்சு, பையில கட்டி அலமாரில அடுக்கணும். அதான் எங்க வேலை."

மனைவியின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப அப்பா குதிக்கவே இல்லையா?"

"முழுசாக் கேளும்மா. என்னைக்கு வருவார்னு தெரியாது, திடீர்னு அதிகாரி வந்து நிப்பார். நாங்க கட்டி அடுக்கின அலமாரியைப் பார்ப்பார். விரலை நீட்டி, 'அது'ம்பார். அதை எடுத்து முதுகுல மாட்டிக்கிட்டு வண்டில ஏறணும். நேரா விமானம். மேல போய் குதிக்கணும். கட்டினவன் கட்டினதுலயே."

"எதுன்னு நீங்க எடுக்கக்கூடாதா?" என்றேன்.

"கூடவே கூடாது. அதானே விஷயம். நம்மளே எடுத்தா எதை எடுப்போம்? மனசு நல்லா இருந்த அன்னிக்கு நிதானமாக் கட்டினதைத்தானே? பெண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்து கட்டினது, தூக்கக் கலக்கத்துல கட்டினது, அதெல்லாம் எவனோ ஒருத்தன் முதுகுக்குப் போயிடும். அந்த எவனோ கண்ணை மூடிக்கிட்டு நம்மளை நம்பிக் குதிப்பான். அதனால எதை நீட்டினாலும் நான் மாட்டிக்கத் தயார்ங்கிற மாதிரி ஒவ்வொண்ணையும் கட்டணும். பழகிப் பழகி, டீ போட்டாக்கூட நமக்கானதை நாம எடுக்கக் கை வராது."

நான் ஸ்டூல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"உயரம்னா அவனுக்குக் குலை நடுங்கும்! விமானம் ஏறினதும் வாந்தி. கதவைத் திறந்தா கண்ணை இறுக்கி மூடிக்குவான். கீழ வந்து ஒரு மணி நேரம் யார்கூடவும் பேசமாட்டான். அப்புறம் முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து மேஜைல நின்னு மடிக்க ஆரம்பிச்சிடுவான். அதிகாரியே கேட்டார், ஸ்டோருக்கு மாத்திவிடட்டுமான்னு. மாட்டேன்னுட்டான். எனக்குக் கோபம் வந்துடுச்சு. 'ஏண்டா, இப்படிச் செத்துப் பொழைக்கணும்னு தலையெழுத்தா'ன்னு கேட்டேன். 'பயப்படாதவனை இந்த மேஜைல நிறுத்தினா அவசரமா மடிப்பான்டா'ன்னான். சொல்லு, இவனோட என்ன பேசறது?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்த வகுப்புக் கதையைச் சொன்னாள். டீச்சர் கேட்டது, அப்பா சொன்னது, வகுப்பு சிரித்தது. எதையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "அத்தனை பேர் முன்னாடி ஏன் இல்லைன்னு சொன்னார்?" என்றாள். பல வருஷக் கோபம் அப்படியே இருந்தது குரலில்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "குதிக்கிறவங்கன்னா அவங்க வேறம்மா. கீழ எதிரி இருப்பான்னு தெரிஞ்சே குதிச்சவங்க. அதுல திரும்பி வராதவங்களும் இருக்காங்க. நாங்க குதிச்சது, மடிச்சது சரியான்னு பார்க்கத்தான். உங்க அம்மா சமைக்கும்போது உப்பு பார்க்கறாங்க. அதுக்காக சாப்பிட்டாங்கன்னு சொல்லுவோமா? நாலு பேர் முன்னாடி அவன் அப்படித்தான் சொல்லுவான். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன் 'ம்'னார்?"

அவர் முகத்தில் குறும்பு வந்தது. "அது நான் செஞ்ச வேலை. நீ பிறந்த சேதி வந்த அன்னிக்குன்னு பார்த்து அதிகாரி வந்து நின்னுட்டார். விஷயம் கேள்விப்பட்டு, உனக்கு இன்னிக்கு வேண்டாம்னார். இவன் கேக்கல, மாட்டிக்கிட்டான். கீழ வந்து கயிறெல்லாம் மேல சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அன்னிக்கு வாந்தி எடுக்கல. 'டேய், பொண்ணு வளர்ந்து அப்பாவுக்கு என்ன வேலைன்னு கேட்டா என்னடா சொல்றது? மடிக்கிறேன்னா சின்னப் புள்ளைக்கு என்ன புரியும்?'னு கேட்டான். பிறந்தே ஒரு நாள் ஆகல, இவனுக்கு அந்தக் கவலை! 'குதிச்சேன்னு சொல்லுடா, குழந்தைங்களுக்குப் பிடிக்கும்'னேன். பொய் இல்லையேன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டான். கடைசில 'ம்'னு மட்டுமா சொன்னான்? கஞ்சன்!"

மனைவி சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தட்டில் இருந்த இரண்டு கப்புகளையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சித்தப்பா."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் காலையில் கடைக்கு அவளும் வந்தாள். தகட்டைப் பிடிப்பானில் இறுக்கிவிட்டு, "அப்ப 'குதித்தவர்'னே போட்டுடலாம். இனி யாரும் புளுகுன்னு சொல்ல முடியாது," என்றேன். அவள் கேட்டதும் அதுதான், இப்போது அது நிஜமும் ஆகிவிட்டது என்று எனக்கு ஏகப்பட்ட குஷி.

"'பாராசூட் மடித்தவர்'னு வெட்டுங்க," என்றாள்.

"நிஜமாத்தான் சொல்றியா? ரெண்டையும் போடலாமே. இடம் தாராளமா இருக்கு."

"வேண்டாங்க. அப்பா எழுந்து நின்னு, எல்லார் முன்னாடியும் சொன்னது அதைத்தான். அன்னிக்கு அதை யாரும் காதுல வாங்கல. நானும் வாங்கல." தகட்டின் காலி இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். "எனக்குச் சொன்ன 'ம்' எனக்கு. அது சுவத்துல எதுக்கு?"

வெட்டினேன். என் தொழிலில் இவ்வளவு மெதுவாக எதையும் வெட்டியதில்லை. அவசரமாக வெட்டினால் மாமா எங்கிருந்தாவது வந்து, பிரித்து மறுபடி வெட்டுவார் என்று ஒரு பயம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூடத்தில் தகட்டை மாட்டினார்கள். செயலாளர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். எதிர்மேஜை முன்வரிசையில் உட்கார்ந்து, ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு மட்டும் ஒரு சின்ன வருத்தம். "அப்ப சலவை இல்லையா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "அதுவும் துணிதானே அத்தை," என்றேன். "அதானே. என்கிட்ட பொய் சொல்லமாட்டார்," என்று சமாதானமாகிவிட்டார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் முந்தானை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தார். அந்த வாந்தி விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் மனைவி டீ போட்டாள். மாமா போன பிறகு அந்த வேளைக்கு டீ போட யாருக்கும் மனசு வரவில்லை. அவருடைய அதே தட்டில் மூன்று கப்பை வைத்துக் கொண்டு வந்தாள். மேஜையில் வைத்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை அவளைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார், ஒவ்வொரு கப்பாக, கடையில் வளையல் பார்ப்பதுபோல. விரலை நீட்டினார்.

"அது."

மனைவி அதை எடுத்துக் குடித்தாள். ஒரே வாய். முகம் கோணியது.

"சர்க்கரை போட மறந்துட்டேன்."

"எதுல?" என்றேன்.

"மூணுலயும்."

"உங்க அப்பா ஒரு நாள்கூட மறந்ததில்லடி," என்றார் அத்தை. சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். "ஒரு நாள்கூட..." என்று மறுபடி சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவர் போன நாளிலிருந்து எங்கள் முன்னால் அழாத மனுஷி, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் எழுந்து போய் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தேன்.